யாரும் ஆடாத பாட்டு

மருந்துக்கடை கவுன்டரில் நின்றுகொண்டு தன் சாவுக்குப் பாட ஆள் பேசி வைக்கிறவர்களை வேறு ஊரில் பார்க்க முடியுமோ என்னவோ, எங்கள் ட்ரம்லேகனில் வாரத்துக்கு ஒருவராவது வருவார். ரத்தக்கொதிப்பு மாத்திரையை வாங்கிக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொள்வார். அக்கம்பக்கம் பார்ப்பார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "மஜெல்லா, என் அடக்கத்துக்கும் நீதாம்மா பாடணும். அந்த கேட் பாட்டு. மறந்துடாதே" என்பார்.

"அதுக்கெல்லாம் இன்னும் காலம் கிடக்கு. மொதல்ல மாத்திரையை ஒழுங்காச் சாப்பிடுங்க" என்று மஜெல்லா சிரித்தபடி சொல்லி அனுப்புவாள். அவர் தலை மறைந்ததும் பின்கட்டுக்குப் போய், ஒழுங்காக அடுக்கியிருக்கும் இருமல் மருந்துப் பெட்டிகளைப் படார் படார் என்று எடுத்து வேறு அலமாரியில் அடுக்குவாள். கடைக்காரர் ஒன்றும் கேட்க மாட்டார். கேட்டால் என்ன பதில் வரும் என்று அவருக்குத் தெரியும். அது ஆடுவதற்காகச் செய்த பாட்டு. ஜோடி ஜோடியாகக் கைகோத்து, வியர்க்க வியர்க்கச் சுற்றிச் சுற்றி ஆடுவதற்காகச் செய்த பாட்டு. இதைச் சொல்லிச் சொல்லி அவள் நாக்குத் தேய்ந்ததுதான் மிச்சம்.

ஷெர்பெட் லேன் என்று மூன்று பெண்கள் ஒரு காலத்தில் பாடினார்கள். அப்போது பள்ளிக்கூடத்தில் படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். நடுவில் ஜசிந்தா கெர்ரிகன், வலப்பக்கம் கொரெட்டி, இடப்பக்கம் நம் மஜெல்லா டியர்னன். மூவரும் எங்கள் லீட்ரிம் பக்கத்துப் பிள்ளைகள்தான். பளபளவென்று வெள்ளிக் கால்சட்டை போட்டுக்கொண்டு டிவியில் குதித்தார்கள். டப்ளினில் என்ன, லண்டன் வரைக்கும் போய்க் குதித்தார்கள். பத்திரிகைக்காரன் 'ஜசிந்தாவும் தோழிகளும்' என்று எழுதுவான். ஒரு பத்திரிகையில் இடம் போதவில்லை என்று மஜெல்லாவின் பாதி முகத்தை வெட்டியே போட்டார்கள். அவள் அம்மா அந்தப் பாதி முகத்துக்கும் சட்டம் போட்டு அடுக்களையில் மாட்டிவைத்தாள்.

மஜெல்லா பாடியது கீழ்க்குரல். குழம்பில் உப்பு மாதிரி அது. இருந்தால் ஒருத்தரும் பேச மாட்டார்கள், இல்லாவிட்டால்தான் ஏதோ குறைகிறதே என்பார்கள். ஆனால் ஒரு தடவையாவது முன்னால் நின்று, தன் குரலில் தன் பாட்டைப் பாடி, அதற்கு ஒரு கூடம் நிறைய ஜனங்கள் ஆடிப் பார்க்கவேண்டும் என்று அவளுக்கு ஆசை. பெரிய ஆசையா இது? பாடுகிறவளுக்கு இதுகூட இருக்கக் கூடாதா?

ஜசிந்தா இருக்கும்வரை அது நடக்காது. கல்யாண வீடானால் தானே மாப்பிள்ளை, இழவு வீடானால் தானே பிணம் என்கிற ரகம் அவள். அதற்காகக் கெட்டவள் என்றும் சொல்லிவிட முடியாது. மஜெல்லாவுக்குக் காய்ச்சல் வந்து ராத்திரி முழுக்க வாந்தி எடுத்தபோது பக்கத்தில் உட்கார்ந்து தலைமுடியைப் பிடித்துக்கொண்டிருந்தவளும் அவள்தான். இரண்டு வீட்டுப் புல்வெளிக்கும் நடுவே ஒரே ஒரு இரும்பு கேட். சின்ன வயதிலிருந்தே ஜசிந்தா அதைத் திறந்துகொண்டு ஓடி வருவாள், ஓடிப் போவாள், ஒருநாளும் சாத்தமாட்டாள். டியர்னன் வீட்டு மாடுகள் ரோட்டுக்குப் போய்விடும். மழையில் கம்பை எடுத்துக்கொண்டு அவற்றை ஓட்டி வருவது மஜெல்லாவின் தலையெழுத்து.

பெரியவளான பின்னும் அந்தப் புத்தி போகவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை, நாடே பார்க்கிற டிவி நிகழ்ச்சி. மூவரும் ஒரே சோபாவில். நடத்துகிறவர், "அடுத்த ஆல்பம் எப்போ?" என்று கேட்டார். ஜசிந்தா தலையைக் கோதிக்கொண்டு, "அடுத்த ஆல்பம் என்னோடதுதான். நான் தனியாப் பாட லண்டன் போறேன்" என்றாள்.

கூடவே உட்கார்ந்திருந்த இருவருக்கும் அது அப்போதுதான் தெரியும். கொரெட்டி "ஐயோ" என்றாள், அதுவும் ஒலிபரப்பாயிற்று. மஜெல்லா அதற்கு முன்னால் எதற்கோ சிரித்திருந்தாள். அந்தச் சிரிப்பை முகத்திலிருந்து இறக்க அவளுக்குத் தோன்றவில்லை. கேமராவும் நகரவில்லை. அந்தச் சிரிப்பு எங்கள் ஊர் மதுக்கடைகளில் ரொம்ப நாளைக்குப் பேச்சாக இருந்தது. திரும்பி வரும்போது காரில் மஜெல்லா வெடித்தாள்.

"எங்ககிட்ட மொதல்ல சொல்லணும்னு தோணவே இல்லையாடி உனக்கு?"

"சொன்னா நீ அழுவே. நீ அழுதா நான் போகமாட்டேன். டிவியில உன்னால அழ முடியாதுல்ல, அதான்" என்றாள் ஜசிந்தா.

எவ்வளவு திமிர் பாருங்கள் என்றுதான் மஜெல்லா அதைக் கேட்டுக்கொண்டாள். அவள் அழவில்லை. மறுநாள் காலை ஜசிந்தா பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பியபோது அந்த இரும்பு கேட் திறந்தே கிடந்தது. மாடுகள் ரோட்டில் நின்றன.

ரெக்கார்டு கம்பெனிக்கு இன்னும் ஒரு ஆல்பம் செய்து கொடுக்க வேண்டியிருந்தது. நடுவில் நின்றவள் போனபின் அந்த வெள்ளிக் கால்சட்டைப் பாட்டு யாருக்கு வேண்டும்? அப்போது கொரெட்டிதான் கேட்டாள், "நாம சின்ன வயசுல எதுக்குடி ஆடினோம்?" எதற்கு ஆடினார்கள்? மாட்டுத் தொழுவத்து ரேடியோவில் ஓடுகிற, அமெரிக்கக் கிராமத்து மெட்டான கன்ட்ரி பாட்டுக்கு ஆடினார்கள். இங்கே பால் கறக்கிறவன் முதல் பூசை வைக்கிறவர் வரைக்கும் எல்லோருக்கும் அதுதான் பாட்டு. அமெரிக்காவைப் படத்தில்கூட ஒழுங்காகப் பார்க்காதவன் டெக்ஸஸ் உச்சரிப்பில் பாடுவான், ஒருவரும் சிரிக்க மாட்டோம். இருவரும் அதையே செய்வது என்று முடிவு செய்தார்கள். மொனஹன் பக்கம் பழைய மாட்டுக்கொட்டகை ஒன்றை ஸ்டுடியோ ஆக்கியிருந்தார்கள். கல்யாணங்களுக்கு வாசிக்கிற ஆட்களைக் கூட்டி, மடியில் படுக்கவைத்து வாசிக்கிற ஸ்டீல் கிட்டாரையும் சேர்த்து, மழைக்காலம் முழுக்க அங்கேயே கிடந்து ஆல்பத்தைச் செய்தார்கள்.

முதல் பாட்டு மஜெல்லா எழுதியது. அப்பாவின் அடுக்களையில் உட்கார்ந்து, தேநீர் ஆறுவதற்குள் எழுதினாள். கோபம் அப்படி.

'கேட்டைத் தெறந்து போட்டுட்டுப் போனியே,
என் மாடெல்லாம் ரோட்டுல நிக்குது.
ஒரு கொக்கி மாட்ட உனக்குக் கை வலிச்சதா,
ஊரே என்னைப் பார்த்துச் சிரிக்குது.'

மெட்டு துள்ளி ஓடும். நாலாவது வரி முடிந்ததும் சட்டென்று எல்லா வாத்தியமும் நிற்கும். இரண்டு தட்டு நேரம் ஒரு சத்தமும் இருக்காது. அப்புறம் டிரம் ஒரு அடி அடித்து மறுபடி ஓடும். அந்த இரண்டு தட்டு எதற்கு? ஜைவ் என்கிற ஜோடி ஆட்டம் ஆடுகிறவன் பெண்ணைச் சுற்றிவிட்டு, அவள் ஒரு சுற்றுச் சுற்றி வந்து கையைப் பிடிக்க. மஜெல்லா அதற்காகவே வைத்தாள். டிரம்காரர் தூக்கம் வருகிறது என்று முனகும்வரை மறுபடி மறுபடி பாடி, அந்த நிறுத்தத்தைச் சரியாக்கினாள்.

டப்ளினிலிருந்து வந்த கம்பெனிக்காரன் கேட்டுவிட்டுத் தாடையைச் சொறிந்தான். "நல்லாத்தான் இருக்கு. ஆனா ஜசிந்தா இல்லாம இதை யாரு கேப்பா? உங்க ஊருல ஒரு ஆட்டம் வைங்க, நானும் வரேன். ஜனங்க எழுந்து ஆடினா நாடு முழுக்க வெளியிடறோம். இல்லேன்னா வேண்டாம்" என்றான். ட்ரம்லேகன் ஹோட்டல் கூடத்தில் ஒரு சனிக்கிழமை என்று நாள் குறித்தார்கள். மஜெல்லாவின் வாழ்க்கை அந்தக் கூடத்துப் பலகைத் தரையில் வந்து நின்றது.

இனிமேல்தான் அவர்களே தங்கள் தலையில் மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்ட கதை. மஜெல்லாவின் பெரியம்மா மகன் ஃபின்டன் அவர்களுக்கு எல்லா ஏற்பாடும் செய்கிறவன். ஆட்டத்துக்கு முன்னால் பாட்டு எல்லார் காதிலும் விழவேண்டுமே என்று யோசித்தான். எங்கள் ஜில்லா ரேடியோவில் செய்தி ஓடும்போது பேசுவோம், வானிலை ஓடும்போது பேசுவோம், ஜெபமாலை ஓடும்போதுகூடக் கொஞ்சம் பேசுவோம். மரண அறிவிப்பு வாசிக்கும்போது மட்டும் ஒருத்தர் வாய் திறக்க மாட்டோம். கொதிக்கிற கெட்டிலைக் கூட அணைத்துவிடுவோம். யார் போனார், எங்கே வைத்திருக்கிறார்கள், அடக்கம் எப்போது என்று தெரிந்துகொள்ளாமல் ஒரு மனுஷன் வெளியே தலைகாட்ட முடியுமா?

"ஜில்லா மொத்தமும் காதைத் தீட்டிக்கிட்டு உக்காந்திருக்கற நேரம் அது ஒண்ணுதான்" என்றான் ஃபின்டன். "அறிவிப்பு முடிஞ்ச கையோட நம்ம பாட்டு. ரேடியோக்காரன்கிட்ட பேசிட்டேன்."

"உனக்கு மூளை இருக்குன்னு பெரியம்மா சொன்னப்போ நான் நம்பலைடா" என்று மஜெல்லா அவன் முதுகில் தட்டினாள்.

கொரெட்டிதான் இழுத்தாள். "சாவுச் செய்தி முடிஞ்ச உடனேயேவா? ஒரு மாதிரி இருக்கே."

"அட போடி, எப்பப் பார்த்தாலும் அபசகுனமாப் பேசிக்கிட்டு" என்று இருவரும் சேர்ந்து அவள் வாயை அடைத்தார்கள்.

வியாழக்கிழமை காலை. மஜெல்லா வீட்டு அடுக்களையில் அவளும் கொரெட்டியும் ஃபின்டனும் ரேடியோ முன்னால். அன்றைக்கு அறிவிப்பில் ஒரே ஒரு பெயர். ஜான்ஜோ மல்வி. ஊருக்கு வெளியே, மேட்டு வயல்காரர். ஐயோ பாவம் என்று மூவரும் சிலுவை போட்டுக்கொண்டார்கள். போட்ட கை கீழே இறங்குவதற்குள் மஜெல்லாவுக்குச் சுரீர் என்றது. ஜான்ஜோவைத் தெரியாதவர் யார்? வாழ்நாள் முழுக்க அந்த மனுஷன் பேசிய பேச்சில் பாதி "கேட்டைச் சாத்து" என்பதுதான். தபால்காரனைப் பார்த்துக் கத்துவார், பாதிரியாரைப் பார்த்துக் கத்துவார். ஆண்டவரே வந்தாலும் கேட்டைச் சாத்திட்டு வாரும் என்பார்.

"ஃபின்டன், போன் பண்ணு! நிறுத்தச் சொல்லு!" என்று மஜெல்லா எழுந்தாள்.

ரேடியோக்காரர் நல்ல மனுஷர். அறிவிப்புக்கு மரியாதையாக ஒரு கணம் நிறுத்தினார். பிறகு கனிந்த குரலில், "அடுத்து, ட்ரம்லேகனின் மஜெல்லா டியர்னன்" என்றார். 'கேட்டைத் தெறந்து போட்டுட்டுப் போனியே' என்று ஜில்லா முழுக்க அவள் குரல் ஓடியது.

பாட்டு முடியவில்லை, போன் அடிக்க ஆரம்பித்துவிட்டது. முதலில் கூட்டுறவுக் கடைக்காரம்மா. "என்ன மனசுடி உனக்கு! ராத்திரி செத்த மனுஷனுக்குக் காலையில பாட்டா! எப்ப எழுதினே, எப்பப் பாடினே?" மஜெல்லா விளக்குவதற்குள் அந்தம்மா மூக்கைச் சிந்திக்கொண்டே வைத்துவிட்டாள். அடுத்தது ஜான்ஜோவின் மனைவி ப்ரிஜி.

"மஜெல்லா, நீ நல்லா இருப்பேம்மா. ராத்திரியெல்லாம் அழுதேன். உன் பாட்டைக் கேட்டுட்டு அழுதுக்கிட்டே சிரிச்சேன். அந்த மனுஷன் கத்தாத கத்தா? அப்படியே அவரை எங்கிட்ட கொண்டாந்து நிறுத்திட்டே. சனிக்கிழமை கல்லறையில ஒரு தடவை பாடுறியாம்மா?"

இது உங்கள் ஆளுக்கு எழுதியதில்லை ப்ரிஜி, என்னைக் கேவலப்படுத்திவிட்டுப் போன ஒருத்தியைத் திட்டி எழுதியது, சனிக்கிழமை சாயங்காலம் இதற்கு ஊரே ஆடவேண்டும், இல்லாவிட்டால் என் பிழைப்பு நாசமாகிவிடும். இத்தனையும் தொண்டைக்குழி வரை வந்தது. புருஷனைப் பறிகொடுத்து ஒரு நாள்கூட ஆகாதவளிடம் இதைச் சொல்ல யாருக்கு நாக்கு எழும்? "பாடறேன்" என்றாள். போனை வைத்துவிட்டு ஃபின்டனைப் பார்த்த பார்வையில் அவன் பின்வாசல் வழியாகப் போய்விட்டான்.

பூசைக்குள் அந்தப் பாட்டு வேண்டாம், கல்லறையில் பாடட்டும் என்று பாதிரியார் சொன்னார். சனிக்கிழமை சாரல் மழை. வாத்தியம் கிடையாது. மஜெல்லா வேகமாகத்தான் ஆரம்பித்தாள். சுற்றி நின்ற கோவில் பாடகர் குழு, தாங்களும் துணை செய்யவேண்டும் என்று, "ம்ம்ம்" என்று ராகம் இழுத்தது. அந்த இழுப்பில் பாட்டு சேற்றில் சிக்கிய டிராக்டர் மாதிரி நின்று நின்று போயிற்று. அவள் பார்த்துப் பார்த்து வைத்த இரண்டு தட்டு நிறுத்தத்தில் ப்ரிஜியின் விம்மல் கேட்டது. ஜனம் கண்ணைத் துடைத்துக்கொண்டது. அடக்கம் முடிந்து எல்லோரும் ஆட்டம் நடக்கவிருந்த அதே ஹோட்டலில் சூப்பும் மாட்டிறைச்சியும் சாப்பிட்டார்கள். சாயங்காலம் உடை மாற்றிக்கொண்டு அதே ஜனம் ஆட்டத்துக்கு வந்தது.

முதல் இரண்டு பாட்டுக்குக் கூடம் அதிர்ந்தது. கிழவர்கள் மேல்கோட்டைக் கழற்றி எறிந்துவிட்டு ஆடினார்கள். கம்பெனிக்காரன் சுவரில் சாய்ந்தபடி காலால் தாளம் போட்டான். சரி, இப்போது நம் பாட்டு என்று மஜெல்லா முன்னால் வந்தாள். ஸ்டீல் கிட்டார் துள்ளலாக எடுத்துக் கொடுத்தது.

ஜோடிகள் கையை விட்டன. ஆண்கள் கையைக் கட்டிக்கொண்டார்கள். முன்வரிசையில் ஒரு பெண் சிலுவை போட்டுக்கொண்டாள். கூடம் முழுக்கத் தலையைக் குனிந்து நின்றது.

மஜெல்லா பாடிக்கொண்டே கையை வீசி ஆடச் சொல்லி சைகை காட்டினாள். பலனில்லை. நாலாவது வரி முடிந்தது. வாத்தியம் நின்றது. அந்த இரண்டு தட்டு நேரம் ஒரு பாவாடை சுழலவில்லை, ஒரு செருப்புத் தேயவில்லை. யாரோ மெதுவாக இருமியது மட்டும் கேட்டது.

"ஆடுங்களேன்! இது ஆடற பாட்டு! உங்களுக்குத்தான் பாடறேன், ஆடுங்க!" என்று மைக்கிலேயே கத்திவிட்டாள்.

"பரவாயில்லம்மா, நீ பாடு. ஜான்ஜோவுக்காக நாங்க நிக்கறோம்" என்று ஒருவர் கனிவாகச் சொன்னார்.

சவப்பெட்டிக்கு முன்னால் பாடிய பாட்டுக்கு எங்கள் ஜில்லாவில் யாரும் ஆடமாட்டோம். சட்டம் எதுவும் கிடையாது. அப்படித்தான், அவ்வளவுதான். அது டப்ளின்காரனுக்கு எப்படித் தெரியும்? வாசலில் ஃபின்டனை நிறுத்தி, "ஆல்பத்தோட முதல் பாட்டே உங்க ஊரு ஒப்பாரியாப்பா? முன்னாடியே சொல்லியிருந்தா நான் வந்திருக்கவே மாட்டேனே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். ஆல்பம் வெளிவரவில்லை. மாதிரிக்கு அடித்த ரெக்கார்டுப் பெட்டிகள் சில ஃபின்டன் வீட்டுக் கொட்டகையில் உரமூட்டைக்குப் பக்கத்தில் கிடந்தன. பிள்ளையார் பிடிக்கப்போய்க் குரங்காய் முடிந்தது என்பார்களே, அதுதான்.

கொரெட்டி கால்வேக்குக் கல்யாணமாகிப் போனாள். மஜெல்லா மருந்துக்கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். அதோடு அந்தப் பாட்டும் செத்திருந்தால் பரவாயில்லை. அது சாகவில்லை, மற்றவர்கள் சாகச் சாக அது வளர்ந்தது. ஜான்ஜோவுக்குப் பாடினாயே, எங்கள் அப்பாவுக்குப் பாடக்கூடாதா என்று வந்தார்கள். ஒருவருக்குப் பாடி மற்றவருக்கு மறுத்தால் எங்கள் ஊரில் அது இரண்டு தலைமுறைப் பகை. பாடினாள். கோவிலில் ஆர்கன் வாசிக்கிற மிஸஸ் ஹெரட்டிக்கு அந்தப் பாட்டு ரொம்பப் பிடித்துவிட்டது. அந்தம்மா விரலை ஒரு கட்டையில் வைத்தால் எடுக்க மனம் வராது. இரண்டு தட்டு நிறுத்தத்தில் ஆர்கன் 'ஓ' என்று ஊளையிடும்.

"கொஞ்சம் வேகமா வாசிங்களேன், மிஸஸ் ஹெரட்டி."

"எதுக்கும்மா அவசரம்? போனவரு எங்க ஓடப்போறாரு?"

ஒரு தடவை பிடிவாதமாக மஜெல்லா வேகமாகப் பாடிவிட்டாள். ஆர்கன் பின்தங்கி, இரண்டும் தனித்தனியாக ஓடி, செத்தவரின் அண்ணன் அவளை முறைத்தார். அவள் கல்யாணத்தில் நடந்ததுதான் கொடுமையிலும் கொடுமை. வந்த பேண்டுக்காரர்கள் மணப்பெண்ணைக் கௌரவிக்கிறோம் என்று கேட் பாட்டை எடுத்தார்கள். விருந்தினர் அத்தனை பேரும் தட்டை வைத்துவிட்டு எழுந்து தலைகுனிந்து நின்றார்கள். மாமியார் தன் செத்துப்போன தங்கையை நினைத்து அழுதாள். வெள்ளைக் கவுனோடு மஜெல்லா நடுக்கூடத்தில் நின்றாள். புதுப்புருஷன் கோல்ம் காதோடு காதாக, "விடும்மா, நல்லதுக்குத்தான் செய்யறாங்க" என்றான். அந்த 'நல்லதுக்குத்தான்' என்ற வார்த்தையை அவன் அதற்கப்புறம் வீட்டில் சொன்னதில்லை. மஜெல்லா சொல்ல விடவில்லை.

ஜசிந்தா லண்டனில் பெரிதாக ஒன்றும் சாதிக்கவில்லை. தனியாக ஒரு ஆல்பம் வந்தது, போனது. பிறகு கப்பலில் பாடுகிறாள் என்றார்கள், அப்புறம் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கிறாள் என்றார்கள். அவளுக்கு ஒரு பிள்ளை, புருஷன் கூட இல்லை என்றும் சொன்னார்கள். ஊருக்கு வந்தாலும் ஒரு ராத்திரிதான். மஜெல்லா அவளை எங்கும் எதிர்ப்படாமல் பார்த்துக்கொண்டாள். கதவை அடித்துச் சாத்தி, உன்னால்தானடி எல்லாம் என்று கத்த ஆசைதான். ஆனால் உன்னால் என்ன ஆயிற்று என்று அவள் கேட்டால் என்ன சொல்வது? உன்னைத் திட்டிப் பாட்டெழுதினேன், ஊர் அதைப் பிணத்துக்குப் பாட வைத்துவிட்டது என்றா?

போன மார்ச்சில் ரேடியோ அறிவிப்பில் யூஜின் கெர்ரிகன் பெயர் வந்தது. ஜசிந்தாவின் அப்பா. அன்று மத்தியானம் மருந்துக்கடைக் கதவு திறந்தது, கறுப்புக் கோட்டில் ஜசிந்தா நின்றாள். முடி பாதி நரைத்திருந்தது. கதவைச் சாத்தவில்லை.

"மஜெல்லா. அப்பா சொல்லிட்டுப் போயிருக்காரு. கேட் பாட்டு, நீதான் பாடணுமாம்."

"பாடறேன். ஊருக்கெல்லாம் பாடறேன், அவருக்குப் பாட மாட்டேனா?" என்றாள் மஜெல்லா. "அந்தக் கதவைச் சாத்திட்டுப் போ. குளிருது."

கல்லறையில் வெயில் அடித்தது. யூஜின் நல்ல மனுஷர், ஊரே திரண்டிருந்தது. பாடகர் குழு வழக்கம்போல் "ம்ம்ம்" என்று ஆரம்பித்தது. மஜெல்லா எதிரே பார்த்துப் பாடினாள். பார்க்க வேண்டியவள் எதிரேதானே நின்றாள். 'ஒரு கொக்கி மாட்ட உனக்குக் கை வலிச்சதா' என்று அவள் முகத்துக்கு நேராகவே பாடினாள். இத்தனை காலத்துக்குப் பிறகு அம்பு போய்ச் சேரவேண்டிய இடம் வந்துவிட்டது. ஜசிந்தாவின் முகம் மாறியது. அழப்போகிறாள் என்று மஜெல்லா நினைத்தாள். அது அழுகிற முகம் இல்லை. ஏதோ உறுத்துகிற மாதிரி புருவத்தைச் சுருக்கிக்கொண்டு, பாடகர் குழுவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

முடிந்ததும் எல்லோரும் வரிசையாகப் போய்க் கை கொடுத்தார்கள். மஜெல்லாவின் முறை வந்தது. "உன் துக்கத்துல நானும் இருக்கேன்" என்று வழக்கமாகச் சொல்வதைச் சொன்னாள்.

ஜசிந்தா கையை விடவில்லை. குனிந்து கிசுகிசுத்தாள். "ஏன்டி இப்படிச் செத்த மாதிரி பாடறே? ரெக்கார்டுல நல்லா வேகமா இருக்குமே?"

"எந்த ரெக்கார்டுல?"

"உங்க ரெக்கார்டுலதான். அப்பா அப்பவே ஃபின்டன் கொட்டகையில இருந்து ஒண்ணு வாங்கி எனக்கு அனுப்பிட்டாரே."

மஜெல்லா அவள் கையைப் பிடித்து இழுத்தாள். "கேட்டியா? அது யாரைப் பத்தின பாட்டுன்னு தெரியுமா உனக்கு?"

"ஏன், எனக்கென்ன மண்டையில ஒண்ணும் இல்லையா? நம்ம ரெண்டு வீட்டு நடுவுல இருக்கற கேட்டை என்னை விட்டா வேற எவ தெறந்து போட்டா? மொத வரியிலயே தெரிஞ்சுபோச்சு. அன்னைக்கு அந்த ரெக்கார்டை ஜன்னல் வழியா எறியலாம்னுதான் போட்டேன். கோவத்துல நடந்தேன், நடந்தவ ஆடிட்டேன். எம் பொண்ணுக்கு ஜைவ் சொல்லிக்குடுத்ததே உன் பாட்டுலதான்டி. சின்ன அடுக்களை, மேசையை ஓரமாத் தள்ளிட்டு ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை ஆடுவோம். சத்தம் தாங்காம கீழ்வீட்டுக்காரன் கம்பால கூரையை இடிப்பான்."

"நீயா?" என்றாள் மஜெல்லா. "இத்தனை ஜனத்துல ஒருத்தர் ஆடல. எங் கல்யாணத்துல ஒருத்தர் ஆடல. நீயா ஆடினே? நீ ஒருத்திதானா?"

அவள் கத்தியதில் கல்லறைத் தோட்டமே திரும்பிப் பார்த்தது. கூட்டுறவுக் கடைக்காரம்மா காகிதக் கைக்குட்டையோடு ஓடி வந்தாள். "அழுதுடு மஜெல்லா, அடக்காதே. யூஜின் உனக்கும் அப்பா மாதிரிதானே."

"நான் அழல! எனக்குக் கோவம்!"

"ஆமாம்மா, ஆமாம். அப்படித்தான் இருக்கும்" என்று அந்தம்மா அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

மஜெல்லா அந்தக் கையைத் தட்டிவிட்டாள். ஜசிந்தாவின் பக்கம் திரும்பி, பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள். "நாலாவது வரி முடிஞ்சு ஒரு நிறுத்தம் வருமே. அங்க என்ன பண்ணுவீங்க?"

"அங்கதானே சுத்தணும்" என்றாள் ஜசிந்தா. வேறு என்ன பண்ண முடியும் என்கிற மாதிரி சொன்னாள். சொன்னதோடு நிற்கவில்லை. அப்பாவைப் புதைத்த ஈரமண் பக்கத்தில் கிடக்க, ஊரும் பாதிரியாரும் பார்த்துக்கொண்டு நிற்க, கறுப்புக் கோட்டோடு சரளையில் குதிகாலை ஊன்றி ஒரு சுற்றுச் சுற்றினாள். சரியாக இரண்டு தட்டு. சுற்றி வந்தவள் வலக்கையை நீட்டினாள். சரளை வழுக்கியது, ஆள் சாய்ந்தாள்.

பிடிக்காமல் விட்டுவிடலாமா என்று மஜெல்லாவுக்கு ஒரு கணம் தோன்றியது உண்மை. ஆனால் கை முந்திக்கொண்டது. சரியான இடத்தில் போய் அந்தக் கையைப் பிடித்து, அவளை நிமிர்த்தி நிறுத்தியது. அப்படிப் பிடித்துவிட்ட கோபம் இன்னும் அவளுக்குத் தீரவில்லை.